மேசைக்கு வராத அட்டவணை: குடிநீர்த் தரமும் சட்டமன்றக் கண்காணிப்பும்

1. கேள்வி

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தரமுத்திரை இல்லாத குழந்தைப் பொம்மையை விற்க முடியாது. பாட்டிலில் அடைத்த தண்ணீரின் தரம் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டுக் குழாயிலும் தெருக் குழாயிலும் வரும் தண்ணீருக்கு இத்தகைய கட்டாயம் இன்றுவரை இல்லை. அதற்கென்று இருப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் தர ஆவணம். 1983-ல் முதன்முறை வெளியாகி, 1991-லும் 2012-லும் திருத்தப்பட்டது. அரசுத் திட்ட வழிகாட்டிகள் இந்த ஆவணத்தைச் சுட்டுகின்றன, பரிசோதனைக் கூடங்கள் இதையே அளவுகோலாகக் கொள்கின்றன. ஆனால் இதிலுள்ள எண்களைத் தாண்டிய நீரை ஒரு நகராட்சி வழங்கினால் யார் பொறுப்பு, என்ன விளைவு என்று எந்த நாடாளுமன்றச் சட்டமும் சொல்வதில்லை.

சுற்றுச்சூழல் ஒழுங்குமுறையைச் சட்டமன்றங்கள் கண்காணிக்கத் தவறுகின்றன என்பது பழகிப்போன புகார். குழுக்களுக்கு அதிகாரம் இல்லை, உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை, நேரமும் இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. குடிநீரைப் பொறுத்தவரை இந்தக் காரணங்கள் இரண்டாம் நிலையில் உள்ளவை என்பதே இக்கட்டுரையின் வாதம். குழாய் நீரின் தரம் சட்டமாகவோ விதியாகவோ உருப்பெறாததால் சட்டமன்றங்களுக்கு அதைப் பிடித்துக் கேள்வி கேட்க வழியே இல்லை. அதோடு, ஐ.எஸ். 10500 ஆவணத்துக்குள் அரசியல் தன்மையுள்ள ஒரு முடிவு, தொழில்நுட்பக் குறிப்பின் வடிவில், எந்த அவையிலும் விவாதிக்கப்படாமல் இருக்கிறது.

2. இதுவரையான புரிதல்கள்

இந்தியச் சுற்றுச்சூழல் ஆளுகை பெரும்பாலும் நீதிமன்றத்தின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பின் வழியே முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் நம் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதே நீதிமன்றம். ஆனால் அந்த வரலாற்றின் தொடர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே பாலாற்று மாசு தொடர்பாக 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. 28 ஆண்டுகள் கழித்தும் ஒரு ஆற்றுக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருப்பது, தீர்ப்பை நாள்தோறும் நடத்திக் காட்டும் அமைப்பு இல்லாததன் அடையாளம்.

இரண்டாவது பார்வை நிர்வாகத் திறனைப் பற்றியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஆளில்லை, ஆய்வகங்கள் போதவில்லை, உள்ளாட்சிகளிடம் பணமில்லை. இவை உண்மையே. ஆனால் ஆளும் பணமும் தாமாகக் குறைவதில்லை. எங்கே சட்டக் கடமை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே நிதித்துறை கேட்டாக வேண்டும், கடமை மங்கலாக இருக்கும் இடத்தில் முதலில் வெட்டு விழும். ஆகவே திறன் குறைவு என்ற விளக்கமும் நம்மைச் சட்டமன்றத்தின் வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

3. அட்டவணையின் இரண்டாம் நிரல்

ஐ.எஸ். 10500-இன் அட்டவணைகளை வரிவரியாகப் படிப்பது பயன் தரும். பெரும்பாலான கூறுகளுக்கு எதிரே இரண்டு நிரல்கள். முதல் நிரலில் ஏற்கத்தக்க அளவு. இரண்டாம் நிரலின் தலைப்பு, மாற்று நீராதாரம் இல்லாதபட்சத்தில் அனுமதிக்கத்தக்க அளவு. கரைந்துள்ள உப்புகளுக்கு முதல் நிரலில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரண்டாவதில் 2,000. மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு 45, அங்கே தளர்வு கிடையாது. ஈயத்துக்கும் தளர்வு கிடையாது. ஆர்செனிக்குக்கு 2012 பதிப்பில் முதல் நிரல் 0.01 என்றது, இரண்டாம் நிரல் 0.05, அதாவது ஐந்து மடங்கு வரை இடம் கொடுத்தது.

முதல் நிரலைத் தாண்டிய நீர் குடிக்க ஏற்றதல்ல, எனினும் வேறு ஆதாரம் இல்லாதபோது இரண்டாம் நிரல் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதையும் தாண்டினால் அந்த ஆதாரத்தைக் கைவிட வேண்டும் என்பது அட்டவணையின் குறிப்பு. படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். ஒரு கிராமத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்று கொள்வோம். அறிக்கைத் தாளில் ஃபுளோரைடு 1.4 என்று வருகிறது. முதல் நிரலின்படி அந்த நீர் தேறாது, இரண்டாம் நிரலின்படி தேறும். மேல்நிலைத் தொட்டியில் அதை ஏற்றுவதா, கூடாதா என்று முடிவு செய்ய, மாற்று நீராதாரம் இல்லை என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவரா, வட்டார வளர்ச்சி அலுவலரா, குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளரா? எத்தனை கிலோமீட்டருக்குள் தேடிப் பார்த்த பிறகு? எத்தனை ஆண்டுகளுக்கு அந்தத் தளர்வு செல்லும்? ஆவணம் இவற்றுக்கு விடை தருவதில்லை. நடைமுறையில் இரண்டாம் நிரலே நிரந்தர அளவாகிவிடுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு மாற்று ஆதாரம் இருக்கவே செய்தது. காவிரியிலிருந்து நீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று ஃபுளோரைடால் வரும் ஃபுளோரோசிஸ் நோயைத் தடுப்பது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் பற்களில் பழுப்புக் கறையோடும் வளைந்த எலும்புகளோடும் வளர்ந்தவர்களுக்கு மாற்று ஆதாரம் கிட்டாததில் பணம் ஒதுக்கப்படாததற்கும் பங்கு உண்டு. மாற்று ஆதாரம் இருப்பதும் இல்லாததும் நிலத்தடிப் பாறையின் இயல்பு மட்டுமல்ல, நிதிநிலை அறிக்கையின் விளைவும்கூட. எந்த ஊர் மக்கள் எவ்வளவு காலம் குறைந்த தரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு தொழில்நுட்பத் துறைக்குழு முடிவு செய்திருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுந்து நின்று, பெயர் சொல்லி, வாக்களித்து எடுக்க வேண்டிய முடிவு அது.

4. மேசைக்கு வருபவை

நாடாளுமன்றம் ஒழுங்குமுறையைக் கண்காணிக்கும் வழிகளில் முதன்மையானது, சட்டத்தின் கீழ் அரசு இயற்றும் விதிகளை அவையின் மேசையில் வைக்கச் செய்வது. போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விதிகள் ஒவ்வோர் அவையிலும் மொத்தம் 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும், இரு அவைகளும் சேர்ந்து அவற்றைத் திருத்தலாம், செல்லாததாக்கலாம். சார்நிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழு 1953 முதல் இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் எல்லோரும் அறிந்தது. மேசையில் வைக்கத் தவறினாலும் விதி செல்லும் என்று அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பலவீனமான ஏற்பாட்டுக்குள் வருவதற்கே ஒரு தகுதி வேண்டும். அது விதியாக இருக்க வேண்டும். 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றிலும் ஓடையிலும் விடப்படும் கழிவுக்கு வரம்பு விதிக்கிறது. குழாயிலிருந்து குடத்தில் விழும் நீர் அதன் பொருள் அல்ல. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் பாட்டில் நீரை உணவாகக் கொள்கிறது. நகராட்சிக் குழாய் அதற்கு வெளியே நிற்கிறது. எஞ்சியிருப்பது தர நிர்ணய அமைவனத்தின் ஆவணம், அது விதி அல்ல. ஆகவே 30 நாட்களுக்கும் குழுவின் பார்வைக்கும் அது உட்படுவதில்லை.

இன்னொரு கதவு நிலைக்குழுக்கள். 1993-ல் 17 துறைசார் நிலைக்குழுக்கள் அமைந்தன, 2004-ல் 24 ஆயின. குடிநீர் வழங்கல் ஜல் சக்தி அமைச்சகத்தைப் பார்க்கும் குழுவிடம் இருக்கிறது. தர நிர்ணய அமைவனம் நுகர்வோர் விவகாரத்தின் கீழ் வருவதால் வேறொரு குழுவிடம். ஆற்று மாசு சுற்றுச்சூழல் குழுவிடம், நீரால் வரும் நோய் சுகாதாரக் குழுவிடம், நகரக் குழாய் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரக் குழுவிடம். குடம் ஒன்று, கேள்வி கேட்பவர்கள் ஐந்து இடங்களில்.

குழுக்கள் பயனற்றவை என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவிவிடக் கூடாது. சுற்றுச்சூழல் சட்டங்களை மறுஆய்வு செய்த டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் குழுவின் அறிக்கையை ஏற்கக் கூடாது என்று 2015 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழு அழுத்தமாகப் பரிந்துரைத்தது. நிலத்தடி நீரில் ஆர்செனிக் பற்றி மக்களவையின் மதிப்பீட்டுக் குழு 2014 டிசம்பரில் தனி அறிக்கையே தந்தது. கையில் பொருள் கிடைத்தபோது குழுக்கள் வேலை செய்தன. பொருளே கொடுக்கப்படாத நிகழ்வும் உண்டு. நீர் மாசுச் சட்டத்தின் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என மாற்றிய திருத்த மசோதா, 2024 பிப்ரவரி 5 அன்று மாநிலங்களவையில் அறிமுகமாகி, மறுநாள் அங்கும் 8-ஆம் தேதி மக்களவையிலும் நிறைவேறியது. நிலைக்குழுவுக்கு அது போகவில்லை.

தணிக்கை வழியும் இருக்கிறது. தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டம் பற்றி 2018-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அளித்த அறிக்கை கடுமையானது. 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவான பிறகும், 2017 டிசம்பர் நிலவரப்படி, ஊரகக் குடியிருப்புகளில் 44 விழுக்காட்டுக்கே பாதுகாப்பான குடிநீர் எட்டியிருந்தது, குழாய் இணைப்புப் பெற்ற ஊரக வீடுகள் 17 விழுக்காடுதான். தணிக்கையால் இதைச் சொல்ல முடிந்தது, திட்டம் தனக்கென இலக்குகளை எழுதிவைத்திருந்ததால். இலக்கை அடையாதது திட்டத்தின் தோல்வியாகப் பதிவானதே தவிர, சட்ட மீறலாகப் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு திட்டத்தின் பெயர் ஜல் ஜீவன் இயக்கம் ஆயிற்று, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற இலக்கு மறுபடியும் எழுதப்பட்டது, முடிக்க வேண்டிய ஆண்டு 2024 என்றிருந்து 2028 ஆயிற்று.

5. 2003: அவை விழித்துக்கொண்ட நேரம்

குடிநீர்த் தரம் பற்றி நாடாளுமன்றம் முழு வேகத்தில் இயங்கிய ஒரு தருணம் உண்டு, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் நீரில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. அரசு விரைந்தது. ஜூலை 18 அன்று புதிய வரம்பு அறிவிக்கப்பட்டது. தனியொரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்தத்துக்கு 0.0005, 2004 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிநீருக்கு வைத்திருந்த அதே எண்கள்.

ஆகஸ்ட் 5 அன்று அதே மையம் 12 குளிர்பான வகைகளின் முடிவுகளை வெளியிட்டது. நாடாளுமன்ற உணவகத்தில்கூட அந்தப் பானங்கள் நிறுத்தப்பட்டன. ஆகஸ்ட் 22 அன்று சரத் பவார் தலைமையில் கூட்டுக் குழு அமைந்தது. போஃபர்ஸ் பீரங்கி பேரம், இரண்டு பங்குச் சந்தை மோசடிகள் ஆகியவற்றுக்குப் பிறகு அமைந்த நான்காவது கூட்டுக் குழு அது. மையத்தின் முடிவுகள் சரியா என்பதையும், நீரை முக்கிய உட்பொருளாகக் கொண்ட பானங்களுக்கான பாதுகாப்புத் தர வரையறைகளையும் ஆராய்வது அதன் பணி. குழு மையத்தின் முடிவுகளைச் சரியென ஏற்றது. சிறிய தன்னார்வ அமைப்பு ஒன்று பெரு நிறுவனங்களுக்கு எதிராக வைத்த ஆய்வு, அவையின் முத்திரையோடு நின்றது. அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு வரம்புகளைக் கவனிக்க வேண்டும். அறிக்கை அவையில் வைக்கப்பட்டது 2004 பிப்ரவரி 4 அன்று. 13-ஆவது மக்களவை கலைக்கப்பட்டது பிப்ரவரி 6 அன்று. கூட்டுக் குழு அறிக்கை தந்ததோடு முடிந்துவிடும், அரசைத் தொடர்ந்து கேட்க அது உயிரோடு இருப்பதில்லை. 2006-ல் அந்த மையம் மறுபடி சோதித்தபோது குளிர்பானங்களில் எச்சம் இருந்தது.

இரண்டாவது வரம்பு பொருளைப் பற்றியது, எனக்கு அதிகம் உறுத்துவதும் அதுவே. பாட்டிலுக்கும் பானத்துக்கும் பூச்சிக்கொல்லி வந்து சேர்ந்தது பெரிதும் நிலத்தடி நீரிலிருந்து. அதே நிலத்தடி நீரைத்தான் கிராமத்துக் கைப்பம்பும் ஊராட்சி மோட்டாரும் இறைக்கின்றன. ஊற்று ஒன்று. வாங்கிக் குடிப்பவர்களின் நீருக்கு ஐரோப்பிய எண்கள் சட்டமாயின, பிடித்துக் குடிப்பவர்களின் நீருக்கு விருப்பத் தரமே தொடர்ந்தது.

2019 நவம்பரில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. நுகர்வோர் விவகார அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான் 21 நகரங்களின் குழாய் நீர் முடிவுகளை வெளியிட்டார். மும்பையின் 10 மாதிரிகளும் தேறின. சென்னையின் 10 மாதிரிகளும் தேறவில்லை. கலங்கல், நாற்றம், கடினத்தன்மை, அம்மோனியா, கோலிஃபார்ம் எனக் குறைகள் பட்டியலிடப்பட்டன. டெல்லி கடைசி இடம். அதன்பின் எழுந்த விவாதம் டெல்லி அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே மாதிரி எடுத்த விதம் பற்றிய சண்டையாகச் சுருங்கியது. தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அமைச்சரே சொன்னார். 2016 தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மனித உடல்நலம் கருதி ஒரு பொருளையோ சேவையையோ கட்டாயத் தரத்துக்குள் கொண்டுவரும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு ஏற்கெனவே தந்திருந்தது. பொம்மைகள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன.

6. கட்டாயம் கெடுதல் செய்யுமா?

கட்டாயமாக்குவதற்கு எதிரான வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வருவாய் இல்லாத ஊராட்சிக்கு அபராதம் விதித்தால் நீர் சுத்தமாகாது. கிணறு மூடப்படும், மக்கள் அதைவிட மோசமான நீருக்குப் போவார்கள். இந்தப் பாதையில் முன்பே நடந்த நாடு அமெரிக்கா என்பதால் அதன் அனுபவம் இங்கே பொருந்தும்.

1974-ல் அங்கே பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. நிர்வாகம் மெதுவாக நகர்வதைக் கண்ட நாடாளுமன்றம் 1986-ல் பொறுமை இழந்து, 83 மாசுகளுக்கு மூன்றாண்டுகளில் தரம் வகுக்க வேண்டும், பிறகு மூன்றாண்டுக்கு 25 என்ற கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. சிறு ஊர்களின் குடிநீர் அமைப்புகள் திணறின. இடையில் 1993-ல் மில்வாக்கி நகரக் குழாய் நீரில் கிரிப்டோஸ்போரிடியம் கிருமி கலந்து சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றனர். 1996-ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. எண்ணிக்கைக் கட்டாயம் போனது, மாநிலங்கள் வழியே கடன் தரும் சுழல்நிதி வந்தது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஆண்டுதோறும் நீரின் தர அறிக்கை போக வேண்டும் என்ற கடமை வந்தது. தன் சட்டம் நடைமுறையில் என்ன செய்கிறது என்று பார்த்து, பத்தாண்டுகளில் திருத்திக்கொண்ட அவை அது.

அங்கே 1942-லிருந்து லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றிருந்த ஆர்செனிக் வரம்பு, 2001 ஜனவரியில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. மார்ச்சில் புதிய அரசு அதை நிறுத்தி வைத்தது. ஜூலையில் பிரதிநிதிகள் சபை அந்தப் பின்வாங்கலுக்கு எதிராக வாக்களித்தது. அக்டோபர் 31 அன்று 10 என்ற எண் உறுதிசெய்யப்பட்டது. ஓர் எண்ணைப் பற்றி அவை வாக்களிக்க முடிந்தது, அந்த எண் சட்டத்தின் கீழ் பிறந்த விதியாக இருந்ததால்.

சட்டம் இருந்தும் 2014-க்குப் பின் ஃபிளின்ட் நகரக் குழாயில் ஈயம் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள் புட்டிகளில் பழுப்பு நீரை ஏந்திக் காட்டிய பிறகே அவை விசாரித்தது. ஆனால் அங்கே மீறப்பட்ட விதி எது, மீறியவர் யார் என்று விசாரணையில் கேட்க முடிந்தது. சென்னையின் 10 மாதிரிகளுக்கு அப்படியொரு கேள்வியை எழுப்ப இடமே இருக்கவில்லை.

7. மாநிலத்தின் கையில் உள்ளது

நீரும் பொதுச் சுகாதாரமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே டெல்லியை மட்டும் நோக்கிப் பேசுவது பாதி விவாதம். கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் உள்ளன. தமிழகச் சட்டமன்றத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளில் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர் கைக்கு வருகிறது. அன்றைய விவாதத்தில் தெருவுக்குத் தெரு மேல்நிலைத் தொட்டி கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. உறுப்பினர்களை இதற்காகக் குறை கூற மாட்டேன். தொகுதி மக்கள் கேட்பதை அவர்கள் கேட்கிறார்கள். தரம் பற்றிக் கேட்க அவர்கள் முன்னால் எந்தத் தாளும் வைக்கப்படுவதில்லை.

சட்டம் இயற்றுவது மட்டும் போதாது என்பதற்கும் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2003-ல் நிறைவேற்றிய நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை. பத்தாண்டு கழித்து, 2013-ல், அது ரத்து செய்யப்பட்டது. நாங்கள் இயற்றிய சட்டம் எங்கே என்று அவை அரசை உரிய அழுத்தத்தோடு கேட்டிருந்தால் இப்படி முடிந்திருக்காது. இதற்கிடையே 20 லிட்டர் கேன் சென்னை வீடுகளின் மாதச் செலவில் ஒரு வரியாகிவிட்டது. அந்தக் கேனுக்கான தர நிர்ணய அமைவனச் சான்றிதழ்க் கட்டாயத்தையும் 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிவிக்கையால் நீக்கியது. நவம்பர் இறுதியில் அடைக்கப்பட்ட நீரை அதிக ஆபத்துள்ள உணவு வகைகளில் சேர்த்தது. இந்த இரு மாற்றங்களும் ஆணையத்தின் முடிவுகளாகவே நிகழ்ந்தன.

தமிழகம் நினைத்தால் சிறிய சட்டம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். அதில் மூன்று கடமைகள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் நிரலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஊருக்கும் மாற்று ஆதாரம் இல்லை என்று பெயரோடு, காலவரம்போடு கையெழுத்திடும் அலுவலர் வேண்டும். ஆய்வக முடிவுகள் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தளர்வுகளின் பட்டியல், ஊர் வாரியாக, ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைக்கு முன் அவையின் மேசையில் வைக்கப்பட வேண்டும். பணம் எங்கே என்ற கேள்விக்குப் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைத்தது. அந்தத் தொகையில் எவ்வளவு இரண்டாம் நிரல் ஊர்களுக்குப் போனது என்பதை இன்று எந்த உறுப்பினரும் அவையில் கேட்க முடியாது, ஏனெனில் அந்த ஊர்களின் பட்டியல் அவை முன் இல்லை.